கால் கழுவிய தண்ணீர்

எங்கள் ஊர்ப் படிக்கிணற்றைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "அந்தக் காலத்துல எவ்வளவு சுத்தமா இருந்தாங்க! காலைக் கழுவாம கெணத்துல ஒரு சொட்டுத் தண்ணி மொள்ள மாட்டாங்க" என்று ஊர்க்காரர் ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்து சொன்னார். சுத்தமாம் சுத்தம்! அந்தச் சுத்தம்தான் எங்கள் ஊரில் பாதிப் பேருடைய காலைக் கெடுத்தது. சொன்னவருடைய அப்பாவே மடக்க முடியாத முழங்காலோடுதான் கடைசிவரை நடந்தார். அதைச் சொன்னேன். மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். போகட்டும்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் அந்தக் கிணறு. வாயகன்ற பெரிய கிணறு, ஒரு பக்கம் முழுக்கப் படிகள். படிக்கல்லில் சிப்பி சிப்பியாக அச்சுப் பதிந்திருக்கும், எங்கள் பக்கத்துக் கல்லே அப்படித்தான். கயிறு கிடையாது, உருளை கிடையாது. குடத்தோடு கடைசிப் படி வரை இறங்க வேண்டும். இறங்கியதும் முதலில் இரண்டு காலையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும். பிறகு பிள்ளையாரை நினைத்துக்கொண்டு குடத்தை முக்க வேண்டும். கழுவாமல் முக்கினால் பெரிய பாவம். கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேறு எங்கே போகும், அதே கிணற்றுக்குள்தான்.

சித்திரை பிறந்தால் ஊரில் நரம்புச் சிலந்தி வந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே தெரியாது, அதனால் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்துத் தேய்த்த மாதிரி எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு முனை எட்டிப் பார்க்கும். அதை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, பிழைத்தாலும் முழங்கால் விறைத்துப்போகும். எரிச்சல் தாங்காதவர்கள் என்ன செய்வார்கள்? நேரே கிணற்றுக்குப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வார்கள். "கெணத்துத் தண்ணி எரிச்சலை வாங்கிக்கும்" என்பார்கள். பக்கத்திலேயே இன்னொருத்தி குடத்தை முக்கிக்கொண்டு இருப்பாள். கோடைச் சூட்டில் உடம்புக்குள் இருக்கிற நரம்பு உருகிப் புழுவாகிவிடுகிறது என்பது ஊரின் முடிவு. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அரியலூர் ஸ்டேஷனில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அவர்தான் என்னை அழைத்துப் போய் வைத்துக்கொண்டு ஹைஸ்கூலில் சேர்த்தார். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர், ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காருவோம். யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சயன்ஸ் சார் உயிர்ப் பாடம் எடுத்தார். இரண்டு ஜாடியில் கனிந்த வாழைப்பழத்தை நசுக்கிப் போட்டு, ஒன்றின் வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டினார், இன்னொன்றைத் திறந்தே வைத்தார். கொஞ்ச நாளில் திறந்த ஜாடியில் புழு நெளிந்தது. கட்டிய ஜாடியில் பழம் அழுகியதே தவிர ஒரு புழு இல்லை. "பழம் புழுவாகாது. ஈ வந்து முட்டை போட்டால்தான் புழு. உயிரிலிருந்துதான் உயிர் வரும், சும்மா வராது" என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினார். எல்லாரும் எழுதிக்கொண்டோம்.

எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. பழம் புழுவாகாது என்றால் நரம்பு மட்டும் எப்படிப் புழுவாகும்? மறுநாள் எழுந்து நின்று கேட்டேவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லிப் படம் போட்டே விளக்கினார். காலில் தெரிகிற வெள்ளை நூல் நரம்பு இல்லை, அது ஒரு பெண் புழு. கால் தண்ணீரில் பட்டதும் அது தன் குட்டிகளைத் தண்ணீருக்குள் விடும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற ஒரு சின்னப் பூச்சி அந்தக் குட்டிகளைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். பூச்சி வயிற்றில் செத்துப்போகும், குட்டி சாகாது. உடம்புக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பூச்சிக்கு சார் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். நான் அதற்குத் தண்ணீர்ப்பேன் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய், "சார், எங்க ஊருக்கு ஒரு தடவை வாங்க சார். இதை அப்படியே எங்க நாட்டாமைகிட்ட சொல்லுங்க. கெணத்துப் படியை அடைச்சா போதும் சார்" என்று கேட்டேன். அவர் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டே, "ஏம்மா, பாடம் வேற, ஊர் வேற. இது பரீட்சைக்கு வரும், நல்லாப் படிச்சுக்க. ஊர்க் கெணத்துல நான் கையை வச்சா அடுத்த வாரம் என்னை மாத்திப்புடுவாங்க" என்றார். அடப்பாவி மனுஷா! பாதி ஊர் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது, இவருக்குப் பரீட்சை! அந்தக் கேள்வி பரீட்சைக்கும் வரவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனேன். என் அக்காவுக்கு ஆனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை செட்டிகுளம் பக்கம். வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா காலை நீட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிறாள். முட்டிக்குக் கீழே ஈர்க்குச்சி கட்டியிருக்கிறது. அம்மா என் வாயைப் பொத்தி, "சத்தம் போடாத. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோவும்" என்றாள். அக்கா என்னைப் பார்த்து அழுதாள். புழு முழுசாக வெளியே வந்துவிட்டால் அவள் நேராக நடந்து மணவறை ஏறலாம். அறுந்துவிட்டால் கல்யாணமும் போச்சு, காலும் போச்சு.

நான் சொன்னேன். அப்பாவிடம், அம்மாவிடம், கேட்டவரிடம், கேட்காதவரிடம் எல்லாம் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, "இதோ பாருங்கப்பா, துள்ளுது பாருங்க" என்று காட்டினேன். வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டுத் துள்ளின. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தண்ணின்னா தூசி தும்பு இருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தூசி எங்கேயாவது தானாகத் துள்ளுமா?

அம்மா மட்டும் அரைமனதாகக் கேட்டாள். பழம்புடவையை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டினாள். அக்காவைக் கிணற்றுப் பக்கம் விடாமல், கொல்லைப்புறத்து வாழைக்கடியில் உட்கார வைத்து நான் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அது மண்ணுக்குள் போனால் போகட்டும், யார் வாய்க்கும் போகாது. எரிச்சலும் அடங்கியது. ஆனால் ஊர் வாய் அடங்குமா? நாட்டாமை வீட்டம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "என்னாடி, புள்ளையார் கெணத்துத் தண்ணியை வடிகட்டிக் குடிக்கிறீங்களாம்? சாமி தண்ணி அழுக்காப் போச்சா ஒம் மவளுக்கு? ரெண்டெழுத்துப் படிச்ச திமிரு!" என்று கத்திவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே அப்பா அந்தப் புடவைத் துணியை அவிழ்த்து எறிந்தார்.

எள் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அம்மாவும் நானும் கொல்லைக்காட்டுக்குப் போயிருந்தோம். அப்பா வண்டிக்கு அச்சாணி வாங்கப் போயிருந்தார். வீட்டில் அக்கா தனி. உச்சிவேளையில் எரிச்சல் தாங்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறாள். எழுந்திருக்கும்போது ஈர்க்குச்சி படி இடுக்கில் மாட்டி, புழு அறுந்துவிட்டது. அந்த வலியில் மயங்கி அப்படியே தண்ணீருக்குள் சரிந்துவிட்டாள்.

எங்கள் கொல்லையில் எள் அறுக்க வந்த சேரிப் பெண் ஒருத்தி கஞ்சிக் கலயத்தோடு அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக எங்களுக்கு வேலை செய்தவள். கிணற்றுக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அக்காவின் தலைமுடி மிதக்கிறது. "யாராச்சும் வாங்களேன், பொண்ணு கெணத்துல வுழுந்துடுச்சு" என்று கத்தியிருக்கிறாள். வெயிலில் ஒரு ஆள் இல்லை. எதிரில் கிணறு, அவள் கால் வைக்கக் கூடாத கிணறு. அவள் யோசிக்கவில்லை. கலயத்தைப் போட்டு உடைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அக்காவின் முடியைப் பிடித்து இழுத்து, படியில் கிடத்தி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். மேலே நின்று எட்டிப் பார்த்தவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? பெண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "ஏய், நீ எப்புடிடீ உள்ள எறங்குன?" என்றுதான் கேட்டார்கள். நான் ஓடிவந்து சேர்ந்தபோது அந்தக் கேள்விதான் என் காதில் விழுந்தது. இன்றுவரை அது காதை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அவள் புருஷன் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தெரியாம நடந்துபோச்சு ஆண்டே, மன்னிச்சுடுங்க" என்று கும்பிட்டான். தெரியாமல் என்ன நடந்தது? ஒரு உயிரைத் தெரிந்துதானே காப்பாற்றினாள்! பெண்கள் கூட்டத்துக்கு வரக்கூடாது, கோயில் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கலாம். என்னால் முடியவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு நேராக நடுவில் போய் நின்றேன்.

"எங்க அக்காவைத் தூக்குனதுக்கா குத்தம் சொல்றீங்க? தூக்குனவ காலைப் பாத்திருக்கீங்களா, ஒரு தழும்பு இருக்கா? அவங்க தெருவுல யாருக்காச்சும் சிலந்தி வந்திருக்கா? அவங்க கெணத்துல படி இல்லீங்க, கயித்துல சேந்துறாங்க. யார் காலும் தண்ணில படாது. நாமதான் காலைக் கழுவிக் கழுவி அந்தத் தண்ணியையே குடிக்கிறோம். படியை அடைச்சு உருளை போடுங்க, சிலந்தி போயிடும்!" என்று கத்தினேன்.

"பொட்டச்சிக்கு என்னா பேச்சு இங்க?" என்றார் நாட்டாமை. அப்பா எழுந்து வந்து எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். அடி பெரிதில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அங்கே ஒருத்தர் காதிலும் ஏறவில்லையே, அதுதான் பெரிய அடி.

தீர்ப்புச் சொன்னார்கள். கிணறு தீட்டாகிவிட்டது. தண்ணீரை இறைத்துக் கொட்டி, கோமியம் தெளித்து, ஹோமம் செய்ய வேண்டும். இனிமேல் கண்ட கண்ட காலும் உள்ளே இறங்காதபடி படிகளைக் கல் வைத்து அடைத்து, மேலே கட்டைச்சுவர் எழுப்பி, உருளை போட்டுக் கயிற்றால்தான் சேந்த வேண்டும். கேட்டீர்களா? நான் தொண்டை கிழியச் சொன்ன அதே படி, அதே உருளை! புழுவுக்காகச் செய்ய மாட்டார்களாம், அவள் கால் பட்டதற்காகச் செய்வார்களாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் குடும்பத்துக்கு இனிமேல் ஊரில் யாரும் வேலை கொடுக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். எங்கள் அப்பாவும் தலையாட்டினார்.

அவர்கள் பாடாலூர்ப் பக்கம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே ஓடினேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் அவள் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்காவுக்குக் கால் எப்புடி இருக்கு பாப்பா?" என்றாள்.

"வீங்கியிருக்கு. ஒறங்கவே இல்ல" என்றேன். அழுதுவிட்டேன்.

"நீ எதுக்கு அழுவுற?" என்று அதட்டினாள். "ஒங்கப்பாவ ஒண்ணு மட்டும் கேளு. நான் எறங்குனது தப்புன்னா, அந்தப் பொண்ணு சாவட்டும்னு வுட்டுட்டுப் போயிருக்கணுமா? ஆமான்னு வாயைத் தொறந்து சொல்லச் சொல்லு. நான் ஒத்துக்குறேன்."

அப்பாவிடம் அப்படியே கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அக்கா பிழைத்தாள். முழங்கால் முழுசாக மடங்காமல் போனது. படியில் வழுக்கி விழுந்ததாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, ஆனியில் வைத்த கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி, எப்படியோ நடத்திவிட்டார்கள். படியை அடைத்து உருளை போட்ட அன்று நான் தெருவில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "வர்ற சித்திரைக்கும் சிலந்தி வரும். ஏற்கெனவே குடிச்சது உள்ள இருக்கு. அதுக்கு அடுத்த சித்திரைக்கு ஒருத்தருக்கும் வராது. எழுதி வச்சுக்கங்க." யார் எழுதினார்கள்? சின்னப் பிள்ளைகள் என் பின்னால் "சிலந்தி, சிலந்தி" என்று கேலி செய்துகொண்டு வந்தார்கள்.

அடுத்த சித்திரையில் வந்தது. பழையபடியே வந்தது. "பாத்தியா, அவ எறங்குன தோஷம் இன்னும் வுடல" என்றார்கள். பெரிதாக ஒரு பரிகார பூஜை செய்தார்கள். அதற்கு அடுத்த சித்திரையில் ஒருத்தர் காலிலும் கொப்புளம் இல்லை. அதற்குள் சுதந்திரமும் வந்து கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. ஊரே பூரித்துப்போய், "பரிகாரம் பலிச்சுது, தீட்டு கழிஞ்சுது, சிலந்தி போச்சு" என்றது. நான் சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. நினைவுபடுத்தினேன். "அட போ புள்ள" என்றார்கள். உண்மை கண் முன்னால் அப்படியே பலிக்கிறது, அதையும் பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டார்களே, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வெகுகாலம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் பேத்தி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது, வாய் ஓயாத குழந்தை. அக்காவின் காலில் இருந்த தழும்பைத் தொட்டு இது என்ன என்று கேட்டது.

"அதுவா? அந்தக் காலத்துல எங்கூர்ல சிலந்தின்னு ஒரு நோவு" என்று அக்கா கதை சொல்ல ஆரம்பித்தாள். "எறங்கக் கூடாத சாதிக்காரி ஒருத்தி சாமி கெணத்துல எறங்கிட்டா. அந்தத் தோஷத்துலதான் ஊரே அவஸ்தைப்பட்டுச்சு. அப்புறம் பெரிய பூசை போட்டு, படிய அடைச்சு, அவளை ஊரை வுட்டு அனுப்புனாங்க. அதோட நோவு போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! எந்த வாயால சொல்ற? அவ எதுக்கு எறங்குனா, அதைச் சொன்னியா? ஒன் முடியைப் புடிச்சுத் தூக்குனது யாரு? யார் மடியில ஒன் தலை கெடந்துச்சு?"

"எனக்கு அப்ப நெனவு இல்லடி" என்றாள் அக்கா. "ஊர்ல அப்புடித்தானே சொன்னாங்க."

குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அக்காவிடம் கேட்டது: "அவங்களாலதான் எல்லாருக்கும் வந்துச்சுன்னா, அவங்க காலுலயும் இந்த மாரி வந்துச்சா ஆயா?"

"இல்ல" என்றாள் அக்கா.

"ஏன் வரல?"

அக்கா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "கேக்குறா இல்ல, சொல்லு" என்றேன் நான்.